பட்டை இல்லாத சபாஷ்

மெதுவா உக்காருங்க. அந்தச் சுருள் மேல மட்டும் சாஞ்சுராதீங்க. அது கசங்கிப்போச்சுன்னா, முன்னால ரெட்டை ஜடை போட்டுக்கிட்டு மடியில கோப்பையோட உக்காந்திருக்குதே ஒரு புள்ளை, அது என்னை ஒரு பார்வை பாக்கும். வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்லாதுங்க. வெறும் பார்வைதான். அதுக்கு நாலு அறை வாங்கிக்கலாம்.

நீங்க எதுவரைக்குமுங்க? கவுந்தப்பாடிங்களா? நாங்க கோபி போயி டவுன் பஸ் மாறோணும். அப்பச் சரி, நேரம் இருக்குது. ஒரே வார்த்தைல சொல்லிப்போடறனுங்க.

நானு கணக்கு வாத்தியாருங்க. பேரு சென்னியப்பன். அந்தப் புள்ளை என்னோட ஏழாங்கிளாஸு, பேரு மௌனிகா. பக்கத்துல இருக்கறது எங்க தமிழ் டீச்சர், புள்ளைக்குத் தொணையா வந்தாங்க. இன்னைக்கு ஈரோட்டுல மாவட்டக் கணக்குக் கண்காட்சிங்க. அதுல நம்ம புள்ளைக்கு மொதப் பரிசு. பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கறதுக்குள்ள ஏழெட்டு வாத்தியாருங்க வந்து எனக்குக் கை குடுத்துட்டாங்க. கை குடுத்த அத்தனை பேரும் சிரிச்சாங்க. நீங்களே சொல்லுங்க, வாழ்த்துச் சொல்லறவன் எதுக்குங்க அப்பிடி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கோணும்?

அந்தச் சுருள்தானுங்க காரணம். உள்ள இருக்கறது ஒரு பட்டை வரைபடம். என்னை நடுத்தெருவுல நிறுத்துன வரைபடம். நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்லுவாங்கல்ல? தவளை கத்தித்தான் கெட்டுதாம். நானு பாடம் நடத்திக் கெட்டேன்.

தகவல் செயலாக்கம்னு ஒரு பாடமுங்க. புள்ளிவிவரம் சேகரிக்கறது, அட்டவணை போடறது, வரைபடம் வரையறது, அதைப் பாத்து என்ன தெரியுதுன்னு சொல்லறது. மத்த வாத்தியாருங்க இதைப் பரீட்சைக்கு முந்தி ஒரு மத்தியானத்துல ஓட்டிவிட்டுருவாங்க. நான் அப்பிடி இல்லீங்க. பாடம்னா பாடமா நடத்தோணும்.

பேப்பர்ல வந்த சோப்புத் தூள் விளம்பரத்தைக் கத்தரிச்சுக் கொண்டுபோய் போர்டுல ஒட்டினேன். அதுல ரெண்டு பட்டை. ஒண்ணு பனைமரம், ஒண்ணு பக்கத்துல முளைச்ச புல்லு. "எந்தச் சோப்பு நல்ல சோப்பு?"ன்னு கேட்டா, மொத்த கிளாஸும் பனைமரத்தைக் காட்டுது. "கழுதைகளா, கீழ எண்ணைப் படிங்கடா"ன்னேன். படிச்சா, ரெண்டுக்கும் ரெண்டே ரெண்டுதானுங்க வித்தியாசம். அச்சைப் பூஜ்யத்துல ஆரம்பிக்காம தொண்ணூறுல ஆரம்பிச்சிருக்கறான். "சுவத்துக்குப் பின்னால ரெண்டு பேரை நிறுத்தி வெச்சு, ஒருத்தனுக்குத் தலை தெரியுது, ஒருத்தனுக்கு முடிதான் தெரியுது, அதனால இவன் அவனைவிடப் பத்து மடங்கு ஒசரம்னு சொன்னா நம்புவீங்களாடா? ஒரே வார்த்தைல சொல்றேன், படத்தைப் பாத்து ஏமாறாதே, அடியில பாரு, அளவைப் பாரு, எவன் வரைஞ்சான்னு பாரு"ன்னேன். புள்ளைங்க அப்பிடியே வாயைப் பொளந்துக்கிட்டுக் கேட்டுச்சுங்க.

அப்பறம் எண்ணறதுக்குக் கோடு போடறது. நாலு கோடு நேரா, அஞ்சாவதைக் குறுக்கே. பால் சொசைட்டிக்காரரு பையன் எந்திரிச்சு, "சார், தப்புன்னுதானுங்களே குறுக்கே அடிச்சீங்க, அப்ப நாலும் போச்சுங்களா?"ன்னான். "சபாஷ்டா! உங்கப்பன்கிட்ட அஞ்சு லிட்டர் ஊத்திட்டு ஒண்ணுமே ஊத்தலைன்னு எழுதச் சொல்லு, சொசைட்டி வெளங்கிரும்"னேன். எல்லாரும் சிரிச்சாங்க. என் கிளாஸுல சிரிப்புக்குப் பஞ்சமே இல்லீங்க. அதை நீங்க ஞாபகம் வெச்சுக்கோணும்.

இன்னும் ரெண்டு விஷயம் அழுத்திச் சொன்னேன். ஒண்ணு, கெடைச்ச தகவலைத் திருத்தக் கூடாது. உனக்குப் புடிச்சாலும் புடிக்காட்டியும் அது அதுதான். இன்னொண்ணு, ஒரு பொருளுக்கு எண்ணிக்கை பூஜ்யமா வந்தா, பட்டைதான் இருக்காது, பேரை விட்டுறக் கூடாது. பேரை எழுதி எடத்தைக் காலியா விடோணும். ஏன்னா இல்லைங்கறதும் ஒரு தகவல்தான். எப்பிடிங்க? இல்லைங்கறதும் ஒரு தகவல்தான்! அன்னைக்கு ராத்திரி எங்கூட்டுக்காரிகிட்டச் சொன்னேன், "நான் தப்பித் தவறிக் கணக்கு வாத்தியாராப் போயிட்டேன், பட்டிமன்றத்துக்குப் போயிருக்கோணும்"னு. அவ, "அங்கயாச்சும் மணி அடிச்சு உக்கார வெப்பாங்க"ன்னா. அவளுக்கு என்ன தெரியும், விடுங்க.

பாடம் முடிஞ்சுது. ஆளாளுக்கு ஒரு விஷயத்தை எண்ணி, அட்டவணை போட்டு, படம் வரைஞ்சு கொண்டுவாங்கன்னேன். ஒருத்தன் ரோட்டுல போற வண்டியோட கலரை எண்ணறேன்னான். ஒருத்தி அவங்கூட்டுக் கோழி எந்தெந்த எடத்துல முட்டை வெக்குதுன்னு எண்ணறேன்னா. அப்ப இந்த மௌனிகா எந்திரிச்சுது. ஜூன் மாசத்துல இருந்து எந்திரிச்சு ஒரு கேள்வி கேட்டதில்லை. "சார், எதை வேணாலும் எண்ணலாமுங்களா?"

"கண்ணுல படறது, காதுல விழறது, எதை வேணாலும் எண்ணு அம்மிணி"ன்னேன். சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கறதுன்னா இதுதானுங்க.

அதுக்கப்பறம் ரெண்டு வாரம், என்னோட சர்வீஸுல அப்பிடி ஒரு ரெண்டு வாரத்தைப் பாத்ததில்லை. நான் வாயைத் தொறந்தா அந்தப் புள்ளை கண்ணை எடுக்காது. ஒவ்வொரு வார்த்தைக்கும் பென்சில் அசையுது. நான் போர்டுல எழுதறப்பகூட எழுதலை, பேசறப்ப எழுதுது. பாடத்தை உள்வாங்குதுன்னு நெனைச்சேன். ஸ்டாஃப் ரூமுல போயி மார்தட்டினேன், "இவ ஒருத்திக்குப் பாடம் நடத்துனாப் போதும், சம்பளம் செரிச்சிரும்"னு. இந்தத் தமிழ் டீச்சர்தான் அப்பவே, "எதுக்கும் நோட்டை ஒருக்காப் பாருங்க சார்"னாங்க. நான் பாக்கலை. நம்ம புள்ளை மேல நமக்கே நம்பிக்கை இல்லாட்டி எப்பிடிங்க?

அந்தச் சமயம் பாத்து எங்க அதிகாரி அம்மா பள்ளிக்கூடம் பாக்க வந்தாங்க. நேரா ஏழாங்கிளாஸு. "தகவல் செயலாக்கம் நடத்தியாச்சா சார்?" "நடத்தியாச்சுங்க மேடம், ஒரே வார்த்தைல சொல்லோணும்னா, ஊட்டிவிட்டாச்சுங்க." "யாராவது ஒரு படத்தைக் காட்டச் சொல்லுங்க." கிளாஸ்ல முப்பது உருப்படி இருக்குது. வண்டிக் கலர் இருக்குது, கோழி முட்டை இருக்குது. நான் போயி, "மௌனிகா, வா அம்மிணி"ன்னேன்.

சார்ட்டைப் போர்டுல மாட்டுச்சு. தலைப்பு என்ன தெரியுமுங்களா? "எங்கள் கணக்கு சார் வகுப்பில் அடிக்கடி சொல்பவை."

எனக்குக் காதுக்குள்ள வண்டு கத்துது. கீழ வரிசையாப் பேரு. "அந்தக் காலத்துல நாங்க". "கழுதை". "புரிஞ்சுதா இல்லையா". ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர்ல பட்டை. அதுல ஒரு பட்டை மட்டும் சார்ட்டுல எடம் பத்தாம, மேல இன்னொரு துண்டுப் பேப்பர் ஒட்டி அதுல ஏறிப் போயிருக்குது. அது என்னன்னு பாத்தா, "ஒரே வார்த்தைல சொல்றேன்".

நீங்களே சொல்லுங்க. இவ்வளவு நேரம் பேசிக்கிட்டிருக்கறேன். நான் அப்பிடிச் சொல்லற ஆளுங்களா? ஒரே வார்த்தைல சொல்றனுங்க, அது அபாண்டம்.

ஏனுங்க சிரிக்கறீங்க?

சரி, அதைக்கூட விட்டுருவேன். வாத்தியாருன்னா ரெண்டு வார்த்தை வாயில ஒட்டிக்கும். அந்தம்மா சிரிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு வந்தாங்க, எது எச்சு, எது கம்மி, அளவுத்திட்டம் என்னன்னு. புள்ளை டக்கு டக்குன்னு சொல்லுது. கடைசியில ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. ஒண்ணு "சபாஷ், நக்கலா". அதுக்கு நல்ல ஒசரத்துக்குப் பச்சைப் பட்டை. இன்னொண்ணு "சபாஷ், நெசமா". அதுக்கு மேல வெள்ளைப் பேப்பருங்க. வெறும் பேப்பர்.

"இதென்னம்மா, பேரு இருக்குது, பட்டையைக் காணோம்?"

"பூஜ்யமுங்க மேடம். பூஜ்யமா இருந்தாலும் பேரை விட்டுறக் கூடாதுன்னு சார் சொல்லிருக்காருங்க. இல்லைங்கறதும் ஒரு தகவலாமுங்க."

அந்தம்மா என்னைத் திரும்பிப் பாத்தாங்க. சிரிக்கலை. அதுதானுங்க எனக்கு இன்னும் உறுத்துது. பனைமர ஒசரத்துக்குப் போன பட்டைக்கெல்லாம் சிரிச்சவங்க, வெறும் பேப்பருக்குச் சிரிக்கலை. "இது மாவட்டக் கண்காட்சிக்குப் போகோணும் சார். நீங்களே கூட்டிக்கிட்டு வாங்க"ன்னுட்டுப் போயிட்டாங்க.

மாவட்டம்னா என்னங்க? என்கூட டிரெய்னிங் படிச்சவன், என்கிட்டப் படிச்சு வாத்தியாரானவன், அத்தனை பேரும் வருவான். இருபத்தாறு வருஷமா சம்பாரிச்ச பேரு ஒரு சார்ட் பேப்பர்ல போறதுங்களா? வளத்த கடா மார்ல பாஞ்சுருச்சுங்க. எப்பிடியாச்சும் அதை மாத்திப்போடோணும்னு முடிவு பண்ணிட்டேன். சாயங்காலம் பெல் அடிச்சதும் புள்ளையைக் கூப்பிட்டேன். அதட்டலை. நயமாத்தான் பேசினேன்.

"அம்மிணி, பேப்பரை ஒட்டுனது அசிங்கமா இருக்குது பாரு. ஒரு கட்டத்துக்குப் பத்துன்னு அளவை மாத்திப்போடு, அடக்கமா இருக்கும்."

"மாத்தலாமுங் சார். ஆனா பாக்கறவங்களுக்குக் கம்மியாத் தெரியுமுங்க. அப்பறம் அது சோப்புத் தூள் கணக்கா ஆயிருமுங்களே?"

பாத்தீங்களா? நான் கத்துக் குடுத்ததை என் மேலயே திருப்புது. சரி, அடுத்ததுக்கு வந்தேன். "சபாஷுங்கறது ஒரு வார்த்தைதானே? அதை எதுக்கு ரெண்டாப் பிரிக்கறே? ஒண்ணாச் சேத்துரு, ஒரு நல்ல பட்டையா வரும்."

"வார்த்தை ஒண்ணுதானுங் சார். அர்த்தம் ரெண்டுங்களே. மாட்டையும் ஆட்டையும் ஒரே பட்டையில போடாதீங்கன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

சொன்னனுங்க. நான்தான் சொன்னேன். எனக்குக் கோவம் வந்துருச்சு. "அப்ப நான் இத்தனை வருஷத்துல ஒருத்தரைக்கூட நெசமாப் பாராட்டலையா? மனசுக்குள்ள எத்தனை தடவை நெனைச்சிருக்கறேன்னு உனக்குத் தெரியுமா? அந்த எடத்துல ஒரு சின்னப் பட்டை போடு. ஒண்ணே ஒண்ணு."

அது என்னை நிமிந்து பாத்துச்சு. "நாளைக்குச் சொல்லுங் சார். போட்டுடறனுங்க."

அவ்வளவுதானே? ஒரு வார்த்தை. காசா பணமா? ராத்திரி சாப்பிடறப்ப, பல்லு விழுந்த எடத்துக்கே நாக்குப் போற மாதிரி, அந்த வெள்ளைப் பேப்பருக்கே நெனைப்புப் போகுதுங்க. காலையில எந்திரிச்சுக் கண்ணாடி முன்னால நின்னு சொல்லிக்கூடப் பாத்தேன். எங்கூட்டுக்காரி எட்டிப் பாத்து, "உங்களுக்கு நீங்களே சொல்லிக்கறீங்களா?"ன்னு கேட்டுட்டுப் போனா.

கிளாஸுக்குப் போறேன். விஷயம் பரவிருச்சுங்க. முப்பது உருப்படியும் நோட்டைத் தொறந்து பென்சிலைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்குது. போர்டுல கணக்குப் போட்டேன். பால் சொசைட்டிக்காரரு பையன்தான் மொதல்ல முடிச்சான். போயிப் பாத்தா, அத்தனையும் சரி. குறுக்குக் கோடெல்லாம் கச்சிதமாப் போட்டிருக்கறான். இதுதான் சமயம்னு குனிஞ்சு, "சபாஷ்"னேன். முப்பது பென்சிலும் அப்பிடியே அந்தரத்துல நிக்குதுங்க. எனக்கு என்னமோ முதுகு கூசுது. சட்டை போடாம நிக்கற மாதிரி. வாய் சும்மா இருக்கலை. "ஆனா கையெழுத்து என்னடா, கோழி கிளறுன குப்பையா?"ன்னுட்டேன்.

அந்தப் பையன் மூஞ்சி முதல்ல மலந்துச்சு, அப்பறம் சுருங்கிப்போச்சு. அதை நான் பாக்காம இருந்திருக்கலாம்.

அப்பறம் ஒரே பஞ்சாயத்து. இதை எந்தப் பட்டையில சேக்கறதுன்னு. பாதிப் பேரு நெசங்கறாங்க, பாதிப் பேரு நக்கல்ங்கறாங்க. கடைசியில எல்லாரும் மௌனிகாவைப் பாத்தாங்க. அது பென்சிலை வாயில வெச்சு யோசிச்சுது. "ரெண்டும் இல்லீங்க. இது மூணாவதுங் சார். 'சபாஷ், ஆனா'." போட்டுருச்சுங்க. புதுசா ஒரு பேரு, புதுசா ஒரு பட்டை. சார்ட்டு வெளங்கிருச்சு. அதுக்கப்பறம் ஒரு வாரம் முயற்சி பண்ணினேன். 'ஆனா'ப் பட்டைதான் வளந்துச்சு.

இன்னைக்கு விடிஞ்சுது. வந்தாச்சு. அந்த ஹால்ல அறுபது சார்ட்டு தொங்குது. மழையளவு, மரம் நடறது, தண்ணிச் சிக்கனம். எல்லாம் வாத்தியாருங்க வரைஞ்சு புள்ளைங்க பேர்ல தொங்கறது, பாத்தாலே தெரியுது. நம்முது முன்னாலதான் கூட்டம். எனக்கு முன்னால நிக்க முடியலை. பின்னால தூண் பக்கமா நின்னுக்கிட்டேன். நடுவர் ஒரு வயசான காலேஜ் வாத்தியாரு. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கிட்டு ஒவ்வொண்ணாப் பாத்தாரு. அப்பறம் புள்ளைகிட்டக் கேட்டாரு:

"நெசத்தையும் நக்கலையும் நீ எப்பிடிம்மா பிரிச்சே? அதுக்கு ஒரு விதி வேணுமே?"

நல்ல கேள்விங்க. நானாயிருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். புள்ளை சொல்லுச்சு: "சொல்லி முடிச்சதும் மத்தவங்க சிரிச்சா நக்கலுங்க. யாருக்குச் சொன்னாரோ அவங்க சிரிச்சா நெசமுங்க."

"அதாவது, அந்த மாதிரி அவங்க சிரிச்சு நீ பாத்ததே இல்லையா?"

"இன்னும் இல்லீங்க. அதுக்குத்தான் எடம் விட்டு வெச்சிருக்கறனுங்க."

எடம் விட்டு வெச்சிருக்குதாமுங்க.

மொதப் பரிசு. கைதட்டு. என்னையும் மேடைக்குக் கூப்பிட்டாங்க, போயி நின்னேன். எறங்கி வந்ததும் அந்தப் புள்ளை கோப்பையோட எனக்கு முன்னால வந்து நின்னுச்சு. நோட்டு இல்லை, பென்சில் இல்லை. வெறும் கையில கோப்பை. சொல்லோணும்னுதானுங்க வாயைத் தொறந்தேன். சத்தியமா. வந்தது என்ன தெரியுமுங்களா? "பட்டைக்கு ஓரத்துல பென்சில் கோட்டை ஏன் அழிக்கலை?"

"சேரிங் சார், அழிச்சர்றனுங்க"ன்னுட்டுப் போயிருச்சு.

இதுல என் மேல என்னங்க தப்பு? கோட்டை அழிக்கலைங்கறது உண்மைதானே? உள்ளதைச் சொன்னேன். அந்தப் புள்ளை இவ்வளவு தூரம் வந்ததுக்கு நான்தானுங்களே காரணம்? பூஜ்யத்துக்கு எடம் விடச் சொன்னது யாரு? அப்பறம் எதுக்கு எனக்கு இன்னைக்குப் பூரா நெஞ்சுக்குள்ள முள்ளு நிக்குதுன்னு தெரியலை. எனக்கு அழுகை வர்ற மாதிரி இருக்குதுங்க, சொல்லறதுக்கென்ன. சிரிக்காதீங்க. சிரிக்கலீங்களா? சரி.

கவுந்தப்பாடி வந்துருச்சாட்ட இருக்குது. பையைப் புடிங்க. பாத்து, படி ஒசரம்.

அட, என்னுங்க... என்னுங்க பண்ணிப்போட்டீங்க? போற போக்குல அந்தப் புள்ளை தலையில கையை வெச்சு, "சபாஷ் கண்ணு"ன்னு... அவ்வளவுதானுங்களா? அவ்வளவு சுலுவா? மூச்சு வாங்கலை, முழிக்கலை. அங்க பாருங்க, அது சிரிக்குது! எட்டு மாசமா என்னோட கிளாஸுல உக்காந்திருக்குது, அதுக்குக் கன்னத்துல குழி விழும்னு எனக்குத் தெரியாதுங்க.

உங்ககிட்ட என்னமோ கேக்குதே? என்னுங்க கேக்குது? "சார் சொல்லச் சொன்னாருங்களா?"ன்னா?

என்னைப் பாக்காதீங்க. ஆமான்னு சொல்லீருங்க. ஆமான்னு... இல்லீங்க, வேண்டாம், வேண்டாம். சொல்லாதீங்க. பொய்த் தகவல் ஆயிரும். நானே போறேன். டீச்சர், நீங்க சித்தெ எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்க, நான் அங்க உக்காரோணும். கண்டக்டரே, விசில் ஊதிராதீங்க, ஒரு நிமிஷம், இவருகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்.

ஏனுங்க, எறங்கறதுக்கு முந்தி ஒரே வார்த்தைல சொல்லிப்போடுங்க. கையை மொதல்ல தலையில வெச்சுட்டு அப்பறம் சொல்லறதுங்களா, இல்லை, சொல்லிப்போட்டு அப்பறம் வெக்கறதுங்களா?